மாப்பிள்ளை வாட்ச்

ஜோஷ்வா இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, வலது கையை மட்டும் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தான். கடைக்காரர் அப்பாவு அவனை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடமாகத் திருவள்ளூர் கடைத்தெருவில் வாட்ச் விற்கிறவர் அவர். வாட்ச் வாங்க வருகிற எவனும் முதலில் இடது கையைத்தான் நீட்டுவான். இவன் என்னடாவென்றால் நீட்ட வேண்டிய கையை ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அந்த ரெண்டையும் எடுங்க நைனா. வெள்ள மூஞ்சி, தோலு வாரு. அப்புறம் அந்தப் பச்ச மூஞ்சி, ஸ்பிரிங் செயினு."

அப்பாவு இரண்டையும் எடுத்து நீலத் துணியின்மேல் வைத்தார். இரண்டுமே புது வாட்ச்கள்தான், பழைய வேஷம் போட்டவை. அறுபது வருடத்துக்கு முந்தைய ஜாடையில் இப்போது செய்து விற்கிறார்கள். செல்போனில் மணி பார்க்கிற பிள்ளைகள் அதைத் தேடிவந்து வாங்குகிறார்கள். உண்மையான பழசு வேண்டுமென்றால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வேஷக்காரர்களை ஒரு கம்பெனித் தொழிலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிவிடலாம். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் வாட்சுக்கு வெள்ளை முகம், மெல்லிய கறுப்பு எண்கள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி வட்டம். அதற்குள் நொடி முள் மட்டும் தனியாக ஓடும். பழுப்பு நிறத் தோல் வார். பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். காதில் வைத்தால் ஓடுகிற சத்தம் கேட்கும். இரண்டாவதற்குக் கரும்பச்சை முகம், எண்ணுக்குப் பதில் பொன் நிறக் கோடுகள். இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்குகிற ஸ்பிரிங் செயின். பேட்டரியில் ஓடுவதால் அதன்பாட்டுக்கு இரண்டு வருடம் ஓடும்.

இதெல்லாம் அப்பாவு சொல்லித்தான் ஜோஷ்வாவுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆறு மாதம் படித்த பாடம். படிக்க வைத்தவன் எட்வர்ட்.

கும்மிடிப்பூண்டியில், கார்களுக்கு இரும்புப் பாகங்கள் அடிக்கிற ஒரு கம்பெனியின் பிரெஸ் ஷாப்பில் இருவரும் ஒரே மிஷினை ஓட்டினார்கள். காலை ஷிப்ட் ஜோஷ்வா, மதிய ஷிப்ட் எட்வர்ட். மறு வாரம் மாற்றி. போன வருடம் ஏதோ ஒரு சான்றிதழுக்காகத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு வந்த எட்வர்ட், திரும்பும் வழியில் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வாட்சையும் பார்த்துவிட்டான். போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து ஷிப்ட் மாறுகிற பத்து நிமிடமும், கேன்டீனில் சேர்ந்து உட்காருகிற ஓவர்டைம் நாட்களும் இதே வழக்குதான்.

"தோலு வாரு நம்ம வெயிலுக்கு ஆவாது மச்சான். ஒரே மாசத்துல வேர்வ நாத்தம் புடிச்சிக்கும்," என்பான் ஜோஷ்வா. அவன் பச்சை முகத்துக்கு வக்கீல்.

"வேலைக்கா கட்டினு போவப்போறேன்? பிரெஸ் ஷாப்புக்குள்ள வாட்ச்சே கட்டக் கூடாது. ஞாயித்துக்கெழம பூசைக்குக் கட்டினு போறதுக்கு இன்னா வேர்வ? உன் ஸ்பிரிங் செயினு கைமுடியப் புடிச்சி இழுக்கும். அனுபவிச்சவனக் கேளு."

"தெனம் சாவி குடுக்கணும்டா. மறந்தா நின்னு பூடும்."

"நிக்கட்டுமே. நாம மறந்தா நின்னுபோற ஒரு பொருளாச்சும் ஊட்ல இருக்கட்டும்," என்று சிரிப்பான் எட்வர்ட்.

அவ்வளவு ஆசைப்பட்டவன் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அதற்கும் காரணம் ஜோஷ்வாதான். ஜோஷ்வாவின் தங்கை மோனிகா அதே தொழிற்பேட்டையில் பிஸ்கட் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளை எட்வர்டுக்குப் பேசி முடித்தவன் அவன். அவர்கள் சனத்தில் நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவிட வேண்டும். மோதிரம், துணிமணி எல்லாம் யார் வேண்டுமானாலும் தட்டில் வைக்கலாம். வாட்ச் மட்டும் அண்ணன் கையால். 'என் தங்கச்சியோட நேரத்த உன்கிட்ட குடுக்கிறேன்' என்று பெரியவர்கள் அதற்கு அர்த்தம் சொல்வார்கள். "நீ எதுக்குடா துட்டு போட்டு வாங்குற? நான் கட்டிவுடுறேன்," என்று ஜோஷ்வாதான் தடுத்து வைத்திருந்தான்.

இப்போது கட்டிவிட எட்வர்டுக்கு இடது கை இல்லை. மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே முடிந்துவிட்டது. அந்தக் கை போனதற்கும் ஜோஷ்வாதான் காரணம். அது ஜோஷ்வாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். அந்த பிரெஸ்சில் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்குக் கீழே கை இருக்க முடியாது அல்லவா, அதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் மேலே இருப்பவர்கள் கேட்கிற எண்ணிக்கை இரண்டு கையால் ஓட்டினால் வராது. அதனால் ஒரு பட்டனை அமுக்கி, சந்தில் ரப்பர் துண்டை மடித்துச் செருகிவிடுவார்கள். அப்புறம் ஒரு கை தகடு வைக்கும், மறு கை அழுத்தும். வேலை பறக்கும். அதற்குப் பெயர் கட்டை வைப்பது. எல்லாரும் வைப்பார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பது அவருடைய வேலை. ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. வைத்தவன் ஷிப்ட் மாறும்போது எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்து வருகிறவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள். மதிய ஷிப்டுக்கு வரும் எட்வர்ட் அன்று சாயங்காலம் நிச்சயதார்த்தக் கோட்டுக்கு அளவு கொடுக்கப் போக வேண்டும். எண்ணிக்கையைச் சீக்கிரம் முடித்தால் சூப்பர்வைசர் விட்டுவிடுவார். மாப்பிள்ளைக்கு உதவி செய்கிற சந்தோஷத்தில் ஜோஷ்வா இடது பட்டனுக்குக் கட்டையை வைத்து, எடுக்காமலே விட்டான். சொல்லிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தான். எட்வர்ட் கேட்டில் கையெழுத்துப் போடத் தாமதமானான். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஜோஷ்வா ஓடிப்போய் பஸ்சில் ஏறி, உட்கார்ந்த கையோடு போனை எடுத்து மெசேஜ் போட்டான். 'மச்சான், லெப்ட் பட்டன்ல கட்ட வெச்சிருக்கேன். உனுக்கு ஈஸியா இருக்கும். சீக்கிரம் முடிச்சினு கெளம்பு.' மணி இரண்டு பன்னிரண்டு.

பிரெஸ் ஷாப்புக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐந்து வருடமாக ஜோஷ்வாவும் அப்படித்தான் போகிறான். அது அவனுக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. விதி என்று சொல்லலாம். சொன்னால் மனசு ஆறுமென்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

எட்வர்ட் வந்தான். வழக்கம்போல வலது கையை வலது பட்டன்மேல் வைத்துக்கொண்டு, சாய்ந்திருந்த தகட்டை இடது கையால் சரிசெய்தான். இரண்டாவது பட்டனைத் தொடாமல் அச்சு இறங்காது என்கிற நம்பிக்கை. வலது கை லேசாக அழுந்தியது. அவ்வளவுதான்.

காலை நாலு மணிக்கு எழுந்தவன் என்பதால் ஜோஷ்வா வீட்டில் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். ஐந்து மணிக்கு, கூடவே வேலை செய்கிற அன்புசெல்வன் போன் செய்து சொன்னான். ஜோஷ்வா எழுந்து உட்கார்ந்தான். அவன் முதலில் செய்த காரியம், இரண்டு பன்னிரண்டு மெசேஜைத் தேடிப்பிடித்து இரண்டு பேர் போனிலும் அழித்ததுதான். அப்புறம்தான் அழுதான். அழுதது பொய்யில்லை. ஆனால் அழித்ததுதான் முதலில்.

கட்டையை யாரோ எடுத்து எறிந்துவிட்டார்கள். விசாரணையில் எட்வர்டே வைத்துக்கொண்டதாக எழுதி, எட்வர்டிடமே கையெழுத்து வாங்கினார்கள். தவக்காலம் வந்தது, அது முடியட்டும் என்று நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. ஜோஷ்வாவின் அம்மா ஆரோக்கியமேரி மகளிடம் மெல்லப் பேசிப் பார்த்தாள். "கை போனவனாச்சே கண்ணு," என்றாள். "கைய மட்டுமா பாத்து சரின்னேன்?" என்றாள் மோனிகா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஈஸ்டர் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். இன்று சனிக்கிழமை.

மூன்று மாதமாக ஜோஷ்வா சொல்ல வாயெடுப்பான், விழுங்கிவிடுவான். சொன்னால் எட்வர்ட் கல்யாணமே வேண்டாம் என்பான். தங்கை வாழ்க்கை போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவனுடைய மிச்சமிருக்கிற கையைப் பிடித்து வாட்ச் கட்டிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தான். நல்ல வாட்சாக, எட்வர்ட் யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொள்கிற வாட்சாகப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

அதற்காகத்தான் இடது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றான். எட்வர்ட் இனி வலது கையில்தான் வாட்ச் கட்ட வேண்டும். கட்ட இருப்பதும் அதே வலது கைதான்.

வெள்ளை முகத்தை முதலில் எடுத்தான். வாட்சை மேசைமேல் கவிழ்த்து வாரின்மேல் மணிக்கட்டை வைத்தான். விரல்களை மடக்கி வாரின் முனையைத் தொடக்கூட முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தான். வார் கொக்கிக்குள் நுழைந்தது; ஊசி ஓட்டையில் விழவில்லை. மறுபடி இழுத்தான், வாட்ச் நழுவித் துணியில் விழுந்தது.

"யோவ் தம்பி, புதுத் தோலு அது! பல்லு பட்டா எவன் வாங்குவான்?" என்றார் அப்பாவு. "அந்தக் கைக்கு இன்னா வேண்டுதலா?"

"கை இல்லாதவருக்கு நைனா. எங்க ஊட்டு மாப்பிள்ள."

அப்பாவு பச்சை முகத்தை அவரே எடுத்துச் செயினை நிமிர்த்தி அவன் முன்னால் வைத்தார். ஜோஷ்வா விரல்களை வளையத்துக்குள் விட்டு, செயினை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து, கையை முன்னால் தள்ளினான். செயின் விரிந்து, புறங்கையைத் தாண்டி, மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. ஒரே தள்ளு. கழற்றவும் அப்படியே விளிம்பில் கொடுத்து இழுத்தான், வந்துவிட்டது. சாவி கொடுக்கிற தொல்லையும் இல்லை.

"இதையே குடுங்க," என்றான். அவன் முகத்தில் மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

எட்வர்டின் வீடு பெரியபாளையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு காலனியில். அமாவாசையோ வெள்ளிக்கிழமையோ இல்லாததால் பஸ்சில் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் இல்லை. உட்கார இடம் கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். எட்வர்டின் அம்மா ரோசம்மாள் மகனுக்குச் சோறு போட்டுவிட்டு, மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். முள் எடுக்க இரண்டு கை வேண்டும் என்பதை ஜோஷ்வா இந்த மூன்று மாதத்தில்தான் கவனித்தான்.

"வாப்பா ஜோஷ்வா. நாளைக்கு வெச்சினு இன்னிக்கே வந்துட்ட?"

"செயினு அளவு பாக்கணும் அத்த. பெருசா இருந்தா ஒரு கண்ணி கழட்டச் சொல்லணும்."

எட்வர்ட் கை கழுவிவிட்டு வந்து, பெட்டியைத் தொடையிடுக்கில் வைத்து ஒரு கையால் திறந்தான். பச்சை முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஜோஷ்வா எப்படிப் போடுவது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், செயினை முழங்காலில் முட்டுக்கொடுத்துக் கையைத் தள்ளினான். போட்டுக்கொண்டான்.

"பாரேன், தானே போட்டுகினான்!" என்றாள் ரோசம்மாள். அவள் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, பால் வாங்கிவந்து டீ போடுகிறேன் என்று வெளியே போனாள்.

"அளவு சரியா கீது," என்றான் எட்வர்ட். வாட்சிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். "மச்சான், ஒன்னு கேக்கணும். அன்னிக்கு ரெண்டு பன்னெண்டுக்கு எனுக்கு இன்னா மெசேஜ் போட்ட?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஜோஷ்வாவுக்குக் குறுகுறுக்கவில்லை, நின்றே போனதுபோல் இருந்தது. கோட்டு அளவைப் பற்றி என்று சொல்லலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எட்வர்ட் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை அது.

ஜோஷ்வா சொன்னான். கட்டை வைத்தது, ஹாரன், பஸ், மெசேஜ், அழித்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தெரியும்," என்றான் எட்வர்ட். "ஆஸ்பத்திரில மூணா நாளு போனு கைக்கு வந்துச்சி. எல்லாரும் அனுப்பனத படிச்சேன். உன்னுது மட்டும் அழிச்சி இருந்துச்சி. நேரம் அழியல பாரு, ரெண்டு பன்னெண்டுன்னு போட்டிருந்துச்சி. கை மாட்டினப்போ பட்டன் சந்துல பாத்தேன். அந்த ரப்பர நாலா மடிச்சி சொருவுறவன் நம்ம ஷாப்புல நீ ஒருத்தன்தான்."

"அப்போ நீயே வெச்சதா ஏன்டா கையெழுத்து போட்ட?"

"உன் பேரு வந்தா உன்ன கேட்டுக்கு வெளிய தள்ளிடுவான். உங்க ஊட்ல எவன் சோறு போடுவான்? மோனிகா கல்யாணத்த எவன் நெனைப்பான்? எனுக்குக் கை போச்சி, போச்சி. அதுக்கு இன்னொரு ஊடும் போவணுமா?"

"திங்கக்கெழம நானே போய் சொல்லிடுறேன்."

"சொன்னா கை மொளைக்குமா? கம்னு இரு." எட்வர்ட் கையிலிருந்த வாட்சைத் திரும்பவும் பார்த்தான். "கட்ட வெச்சதுக்கு எனுக்குக் கோவம் இல்ல மச்சான். நானும் எத்தினியோ வாட்டி வெச்சிகிறேன். நீ அழிச்ச பாரு, அதான். மூணு மாசமா வர, பழம் வாங்கினு வர, எனுக்கு சட்ட பட்டன் போட்டு வுடுற. இன்னிக்கி சொல்லுவான், நாளைக்கி சொல்லுவான்னு ஒவ்வொரு வாட்டியும் உன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன்."

ஜோஷ்வா அழுதான். எட்வர்ட் தேற்றவில்லை. வாட்சை முழங்காலில் கொடுத்து இழுத்துக் கழற்றி, பெட்டிக்குள் போட்டு அவன் பக்கம் தள்ளினான்.

"இது வேணாம். ஒரு கையால ஓட்டுற மாதிரி மிஷின ஈஸி பண்ணிக் குடுத்த. இப்போ ஒரு கையால போட்ற மாதிரி வாட்ச்ச ஈஸி பண்ணி எடுத்தாந்துகிற. எனுக்கு எது புடிக்கும்னு உனுக்குத் தெரியாதா? ஆறு மாசம் சொன்னேனேடா."

"அத உன்னால கட்ட முடியாதுடா. நான் கடையில கட்டிப் பாத்துட்டேன்."

"முடியாது. தெனம் யாராச்சும் கட்டிவுடணும், சாவி குடுக்கணும். கேட்டு வாங்கிக்கிறேன். முள்ளு எடுக்கக் கேக்கல? கேக்குறதுக்கு நான் கத்துகினேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "ஆனா நாளைக்கி நீ கட்டாத. மோனிகாகிட்ட எல்லாத்தையும் நீயே சொல்லு. இத ஒளிச்சி வெச்சினு அவகூட என்னால குடும்பம் பண்ண முடியாது. கேட்டுட்டு அவ வந்தா, அவளே கட்டட்டும். வரலன்னா அதையும் நான் தாங்கிக்கிறேன்."

ரோசம்மாள் டீ கொண்டுவந்தாள். மருமகன் முறையாகப் போகிறவன் அழுத கண்ணோடு இருப்பதைப் பார்த்து, பாசம் என்று நினைத்துக்கொண்டு அவன் தலையைத் தடவினாள். ஜோஷ்வாவுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

திரும்பத் திருவள்ளூர். அப்பாவு ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார். "மாப்ள இதான் வேணும்னுட்டாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சாவியை எத்தனை சுற்று திருக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டினார். "இறுக்கமாச்சின்னா வுட்டுடணும். அதுக்கு மேல திருவுனா உள்ள ஸ்பிரிங் அறுந்துடும்."

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆரோக்கியமேரி நாளை நிச்சயம் நடக்கப்போகிற மாதா கோயில் ஹாலைக் கூட்டிப் பெருக்கப் போயிருந்தாள். மோனிகா நாளைக்குக் கட்டப்போகிற புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னாண்ணா? அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று அவன் பஸ்சில் நினைத்துக்கொண்டு வந்தான். இல்லை. எட்வர்டிடம் சொன்னபோது கேட்டவன் முன்பே தெரிந்தவன். இவள் ஒவ்வொரு வார்த்தையாக அப்போதுதான் வாங்கிக்கொண்டாள். கட்டை வைத்தது என்றபோது கண்ணை மூடினாள். பிஸ்கட் கம்பெனியிலும் மிஷின்கள் உண்டு, கட்டை உண்டு. அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மெசேஜ் என்றபோது கண்ணைத் திறந்தாள்.

"எப்போ அழிச்ச?"

"இன்னாது?"

"மெசேஜ எப்போ அழிச்சன்னு கேக்குறேன். மணி இன்னா?"

"அஞ்சு பத்து இருக்கும்."

மோனிகா தன் போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி, மூன்று மாதத்துக்குப் பின்னால் போனாள். அங்கே நிறுத்தி, திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அவன் எடுக்காமல் போன வாட்ஸ்அப் அழைப்புகள் மணியோடு அங்கே வரிசையாக இருந்தன. ஐந்து எட்டு. ஐந்து ஒன்பது. ஐந்து பத்து. ஐந்து பதினொன்று.

"அவர ஆப்பரேசனுக்கு உள்ள தூக்கினு போனாங்க. கைய எடுக்கணும், கையெழுத்து போடுன்னாங்க. நான் யாரு, பொண்டாட்டியா? அவங்க அம்மா இன்னும் வந்து சேரல. இன்னா பண்றதுன்னு உன்னக் கேக்கத்தான் கூப்புட்டேன். நீ ஏன் எடுக்கலன்னு அப்புறம் கேட்டதுக்குத் தூங்கிட்டேன்னு சொன்ன. பாவம் காலையில நாலு மணிக்கு எழுந்தவன்னு நானும் நம்பினேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் கூப்புட கூப்புட நீ அழிச்சினு இருந்தியாண்ணா?"

ஜோஷ்வா வாட்ச் பெட்டியை இஸ்திரி போட்ட புடவைக்குப் பக்கத்தில் வைத்தான். எட்வர்ட் சொல்லியனுப்பியதையும் சொன்னான். மோனிகா வெகுநேரம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பெட்டியை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். இஸ்திரியைத் திரும்பவும் சூடாக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கோயில் ஹாலில் நிச்சயதார்த்தம். எட்வர்ட் கோட்டு போட்டிருந்தான். இடது கைப்பகுதியைத் தையல்காரர் உள்ளுக்கு மடித்துத் தைத்திருந்தார். சாமியார் ஜெபம் சொன்னார். மோதிரம் மாற்றினார்கள். சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் தட்டைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு அண்ணன்காரன் எங்கப்பா? வா, மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவுடு."

ஜோஷ்வா ஹாலின் கடைசியில் நின்றான். நகரவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. ஆரோக்கியமேரி, "போடா, கூப்புடுறாங்க இல்ல," என்று அவன் முதுகில் தட்டினாள்.

"நான் கட்டுறேன்," என்றாள் மோனிகா.

"அண்ணன்தானேம்மா கட்டணும்? பழக்கம் அதானே?" என்றார் உபதேசியார்.

"நானே கட்டுறேன் அய்யா."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஏதோ சண்டையாம், நகைத் தகராறாம் என்று இரண்டாவது வரிசையில் அப்போதே ஒரு கதை பிறந்துவிட்டது. சாமியார் தலையசைத்தார். மோனிகா வெள்ளை முக வாட்சை எடுத்து முதலில் சாவி கொடுத்தாள். எட்வர்ட் வலது கையை நீட்டினான். ஆண்பிள்ளைக்கு வாட்ச் கட்டிப் பழக்கமில்லாதவள். வார் இரண்டு தடவை கொக்கியிலிருந்து நழுவியது. எட்வர்ட் கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை ஊசி ஓட்டையில் விழுந்தது. எட்வர்ட் வாட்சைக் காதருகே கொண்டுபோய் ஓடுகிறதா என்று கேட்டான். சிரித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

சாப்பாடு முடிந்து சனங்கள் கலையத் தொடங்கியபோது மோனிகா அண்ணனைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். ஜோஷ்வா இலைகளை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். ஒரு கணம், மன்னித்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டான்.

"கல்யாணத்துக்கு வா," என்றாள் அவள். "அண்ணன் இல்லாத கல்யாணம்னு ஊரு பேசக் கூடாது. அம்மா மனசும் கேக்காது. அது முடிஞ்சா எங்க ஊட்டுப் பக்கம் வராத. நானா கூப்புடுறேன். அப்போ வா."

"எப்போம்மா கூப்புடுவ?"

மோனிகா அழுதுகொண்டிருந்தாள். கன்னத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"தெரியலண்ணா," என்றாள். "நான் கூப்புட்டா, அப்போவாச்சும் போன எடு."

உள்ளே எட்வர்ட் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் போய்விட்டாள். மாலை ஜெபத்துக்கு ஹால் வேண்டும் என்று உபதேசியார் வந்து சொன்னார். ஜோஷ்வா நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான்.